டாக்டரிடம் போவதற்கு முன் மருந்து கொடுக்கலாமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று வயது மகனுக்கு நேற்று சாயங்காலம் 102 டிகிரி காய்ச்சல். டாக்டரிடம் டோக்கன் கிடைத்ததோ இரவு எட்டரைக்கு. "மருந்து கொடுத்துக் கூட்டிப் போனா காய்ச்சல் இறங்கிடும், டாக்டருக்கு என்னன்னு தெரியாம போயிடும்" என்று மாமியார் தடுத்துவிட்டார். மூன்று மணி நேரமும் பிள்ளை அனத்திக்கொண்டே கிடந்தான். கொடுத்திருக்கலாமா டாக்டர்? – வாசகி, தேனி

பதில்: தாராளமாகக் கொடுத்திருக்கலாம். பாரசிட்டமால் காய்ச்சலையும் வலியையும்தான் குறைக்கும். தொண்டைச் சிவப்பு, காதுக்குள் சீழ், நெஞ்சில் கேட்கும் இரைச்சல் எதையும் அது அழித்துவிடாது. கொதிக்கும் காய்ச்சலோடு வீறிட்டு அழும் பிள்ளையைப் பார்ப்பதுதான் டாக்டருக்குக் கஷ்டம். அழுதாலே செவிப்பறை சிவந்து தெரியும். காய்ச்சலே மூச்சையும் நாடித்துடிப்பையும் கூட்டிவிடும். நெஞ்சுச் சளியால் மூச்சு வாங்குகிறதா, காய்ச்சலால் வாங்குகிறதா என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான் என்றால் அது ஆறுதலான சேதி. காய்ச்சல் இறங்கியும் துவண்டே கிடந்தான் என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

டாக்டருக்கு வேண்டியது கணக்கு. ஒரு துண்டுச் சீட்டு போதும்: "மாலை 5.10, அக்குளில் 102.4. பாரசிட்டமால் 250 சிரப் 4 மில்லி, 5.15க்கு. 6.30க்கு 100.8. மதியத்துக்குப் பிறகு இரண்டு முறை சிறுநீர்." பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ பிங்க் கலர் சிரப் கொடுத்தோம்" என்பதை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

மாமியார் சொன்னது ஒரே ஒரு வயதுப் பிரிவுக்குத்தான் பொருந்தும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், வீட்டில் மருந்து கொடுத்துவிட்டு இறங்குகிறதா என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிக்குப் பிறகு வரும் காய்ச்சலுக்குச் செவிலியர் அளவு சொல்லிக் கொடுத்திருப்பார். அது தனிக் கணக்கு. எந்த வயதானாலும் மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு அடியில் குழி விழுந்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தாலோ, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டாலோ டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பெரியவனுக்கு வாங்கிய காய்ச்சல் சிரப் பாதி இருக்கிறது. இரண்டு வயதுச் சின்னவளுக்கு அதையே பாதி அளவு கொடுக்கலாமா? டீஸ்பூனில்தான் அளப்பேன். – ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: பாதி என்பதை ஓர் அளவாகவே வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தையின் எடையையும் பாட்டிலில் இருக்கும் எண்ணையும் வைத்துத்தான் அளவு.

முதலில் எடை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி.; ஆக 180 மி.கி. இனிப் பாட்டிலைத் திருப்புங்கள். 5 மில்லியில் 120 மி.கி. என்று போட்டிருந்தால் ஏழரை மில்லி. 5 மில்லியில் 250 என்றால் மூன்றரை மில்லி. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் என்றால் பெரும்பாலும் ஒரே மில்லியில் 100 மி.கி. இருக்கும், அதில் 1.8 மில்லி போதும். மூன்றும் ஒரே மருந்துதான், ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கும்.

தவறு நடப்பது இங்கேதான். டிராப்ஸ் என்றால் 'லேசான மருந்து' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் கெட்டியானது. 120 சிரப்புக்குச் சொன்ன ஏழரை மில்லியை டிராப்ஸில் ஊற்றினால் 750 மி.கி., நான்கு மடங்குக்கும் மேல். ஒரு நாள் முழுக்க அப்படியே கொடுத்தால் கல்லீரல் கெட்டுப்போகும். எதிர்ப்பக்கமும் உண்டு: இதே குழந்தைக்கு 120 சிரப்பில் அரை மூடி, இரண்டரை மில்லி கொடுத்தால் 60 மி.கி.தான். "காய்ச்சல் மருந்துக்கே கேட்கவில்லை" என்று வருபவர்கள் பலர் வீட்டில் இதுதான் நடந்திருக்கும்.

நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். ஆறு மணி நேரம் விட்டால் நல்லது. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சில சளி சிரப்புகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

டீஸ்பூன் வேண்டவே வேண்டாம். ஒரு வீட்டு ஸ்பூன் 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 6 மில்லி பிடிக்கும். பாட்டிலோடு வரும் அளவு மூடி பரவாயில்லை. மருந்துக் கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்கினால் இன்னும் துல்லியம். ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் படிந்திருந்தால் முதல் வேளைகள் வெறும் சர்க்கரைத் தண்ணீராகவும் கடைசி வேளைகள் வீரியம் கூடியதாகவும் இறங்கும். பெரியவனுடைய பாட்டிலை எப்போது திறந்தீர்கள் என்று நினைவில்லை என்றால் கீழே ஊற்றிவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கேள்வி: கொடுத்த மருந்தைப் பிள்ளை அப்படியே கக்கிவிடுகிறது. திரும்பக் கொடுக்கலாமா? மூக்கைப் பிடித்து ஊற்றினால்தான் உள்ளே போகிறது. – வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பாரசிட்டமால் கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம். அதற்குப் பிறகு எடுத்தால் மருந்து உள்ளே போய்விட்டதாகக் கணக்கு. அடுத்த வேளைவரை பொறுங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் ஆசனவாயில் வைக்கும் மாத்திரை இருக்கிறது. எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

மூக்கைப் பிடிக்காதீர்கள், வாயால் மூச்சை இழுக்கும்போது மருந்தும் மூச்சுக்குழாய்க்குள் போகும். படுக்க வைத்துச் சங்கில் ஊற்றினாலும் இதே ஆபத்துதான். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்ச் முனையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து ஒரு மில்லி தள்ளுங்கள், விழுங்கட்டும், அடுத்த மில்லி. நடு நாக்கில் பீய்ச்சினால் குமட்டும். ஒரு டம்ளர் பாலில் கலந்து கொடுப்பதும் வீண். பாதிப் பாலை வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: பாரசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரமாகியும் 101க்குக் கீழே வரவில்லை. மெடிக்கலில் வேறு சிரப் கொடுத்தார்கள், 'இது உடனே கேட்கும்' என்று. கொடுக்கவா? – வாசகர், கடலூர்

பதில்: 103 இருந்தது 101 ஆகியிருந்தால் மருந்து கேட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். ஒன்றிரண்டு டிகிரி இறங்கிப் பிள்ளை தெளிவாக இருந்தால் போதும், 98.4க்குக் கொண்டுவந்தே தீருவது என்று கிளம்பியவர்கள்தான் மருந்து மேல் மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

கடையில் கொடுத்தது இபுப்ரூஃபென் அல்லது மெஃபெனமிக் அமிலமாக இருக்கும், பாட்டிலில் பாருங்கள். மழைக்காலத்தில், டெங்கு இல்லை என்று தெரியும்வரை, இரண்டையும் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். டெங்குவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும். இவை மிச்சமிருக்கும் தட்டணுக்களையும் வேலை செய்யவிடாமல் வயிற்றையும் புண்ணாக்கி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். அம்மைக்கும், வாந்தி பேதியில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போதும் இதே எச்சரிக்கை. மெஃபெனமிக் அமிலம் சிலருக்கு உள்ளுறுப்புகளைத் தாக்கும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று மத்திய அரசின் மருந்துத் தர அமைப்பான இந்தியன் பார்மகோபியா கமிஷன் 2023 நவம்பரில் எச்சரித்தது. நிமெசுலைடு என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது 2011லேயே தடை செய்யப்பட்டது. ஆஸ்பிரினும் கூடாது.

கேள்வி: போன மாதம் டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக் சிரப் பிரிட்ஜில் மிச்சம் இருக்கிறது. அதே மாதிரிக் காய்ச்சல்தான். ஆரம்பித்துவிட்டு நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாமா? – வாசகி, விருதுநகர்

பதில்: கூடாது. நோயை மறைக்கும் மருந்து என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பெண் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் வந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு, சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி வளராமலே போகலாம். ரிப்போர்ட் சுத்தமாக வரும், நோய் உள்ளே இருக்கும். போதாததற்கு, தண்ணீர் கலந்த அமாக்சிசிலின்-கிளாவுலனேட் சிரப் பிரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாள்தான் தாங்கும். போன மாதத்தது மருந்தே இல்லை.

மெடிக்கலில் சீட்டில்லாமல் பொட்டலம் கட்டித் தரும் 'செட்டு மாத்திரை'யும் இதே ரகம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பிள்ளை அன்றைக்கே துள்ளி எழும், நோய் பாட்டுக்கு உள்ளே வளரும்.

கேள்வி: ஒன்றரை வயது. சளி, இருமல். டாக்டரைப் பார்க்கும்வரை இருமல் சிரப்? – வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் கலந்த இருமல் சிரப்பால் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. கலப்படமில்லாத சிரப்பும் இந்த வயதில் தூக்கத்தைத்தான் தரும். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள், அடிக்கடி பால் கொடுங்கள். தேன், ஒரு வயது தாண்டியதால் அரை ஸ்பூன் கொடுக்கலாம்; ஒரு வயதுக்குள் என்றால் நாக்கில் தடவக்கூடக் கூடாது.

தேங்காய் எண்ணெயில் சூடம் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் விடுங்கள். சூடம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சின்னக் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும்.

கேள்வி: வாந்தி, பேதி. டாக்டர் வர மாலை ஆகும். அதுவரை? – வாசகி, அறந்தாங்கி

பதில்: ஓ.ஆர்.எஸ். 21 கிராம் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போட்டால் உப்பு ஏறும் அல்லது குறையும், இரண்டும் கெடுதல். ஒரு டம்ளருக்கு வேண்டுமென்றால் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டே விற்கிறது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுங்கள். தாகமென்று கடகடவென்று குடிக்கவிட்டால் மொத்தமும் வெளியே வரும். ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரை குழந்தைகளுக்கு ஆகாது. குடல் அசைவு நின்று வயிறு உப்பும்.

கேள்வி: காய்ச்சலில் ஜன்னி வந்தால் முதலில் சிரப் கொடுக்க வேண்டுமா? – வாசகர், பெரம்பலூர்

பதில்: வாயில் எதுவுமே போடக் கூடாது, சிரப், தண்ணீர், ஸ்பூன், விரல் எதுவும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். சாவிக்கொத்தைத் தேட ஓடுபவரை 108க்குப் போன் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் நின்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல் மருந்து, பிள்ளை முழுக்க விழித்துத் தானாக விழுங்கும்போதுதான்.