மறு: ஊருக்குப் போகவே மனசு வரவில்லை

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த சோலையை வழித்துவிட்டு ரிசார்ட் கட்டுகிறார்கள், நினைத்தாலே அழுகை வருகிறது, "மரத்துக்கா அழுவே?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

சிரிப்பவர்களை விடுங்கள். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கை நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்தபோது, ஊரைவிட்டுப் போகாமலே ஊரை இழந்தவர்களின் வேதனைக்கு கிளென் ஆல்பிரெக்ட் என்ற தத்துவ அறிஞர் 'சோலாஸ்டால்ஜியா' என்றே பெயர் வைத்தார். (நம் சோலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காதில்தான் அப்படி விழுகிறது.)

நான் கொடைக்கானல் பக்கம். குறிஞ்சி பூத்த எங்கள் புல்மேட்டைச் சீகை மரம் (சீயக்காய் இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம்) மூடிவிட்டது. இரண்டு வருடம் அந்த வழியே போகவில்லை. அது தப்பு, துக்கம் கெட்டிப்பட்டதுதான் மிச்சம். அப்புறம் அப்பாவை உட்காரவைத்து, எந்த ஓடை எங்கே ஓடியது, எந்த மேட்டுக்கு என்ன பெயர் என்று நோட்டில் எழுதினேன். பாதி நாள் இருவரும் அழுதோம், சரி, அதனால் என்ன? உங்கள் பாட்டி இருந்தால் உடனே கேளுங்கள்.

இன்னொன்று. பழைய சீகைக் காட்டு நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தானாக முளைக்கின்றன. புல்வெளி அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

தூக்கம், சாப்பாடு கெட்டிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030. அதுவரை தள்ளிப்போடாமல் ஒரு நடை ஊருக்குப் போய்வாருங்கள்.