வெண்கல முயலும் எனாமல் சேவலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரோமானியர் ஆண்ட பிரிட்டனைச் சேர்ந்த முயல் வடிவ புரூச் (ஆடையில் குத்தும் அணி ஊசி) ஒன்றைப் படத்தில் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லை. இதை எந்தத் துணியில் குத்தினார்கள்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மெல்லிய துணியில்தான். முயல், நாய், சேவல், வாத்து, குதிரைவீரன் என்று வரும் இந்த வகை பெரும்பாலும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பல 3, 4 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். படங்களில் முகப்பை மட்டும்தான் காட்டுவார்கள், ஆனால் விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே துளையுள்ள இரண்டு சிறு நீட்டல்கள், நடுவே அச்சுக்கம்பி, அதில் கீலாகவோ ஸ்பிரிங்காகவோ மாட்டிய ஊசி. எதிர்முனையில் ஊசி நுனி அமரும் கொக்கித் தகடு. நம் ஊக்கின் வேலைதான். ஊசிக்கும் தகட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் கம்பளிப் போர்வையின் மடிப்பு உள்ளே நுழையாது. கனத்த துணிக்கு வில்லாக வளைந்த புரூச் இருந்தது. கிடைப்பவற்றில் பலவற்றுக்கு ஊசியே இல்லையே என்று தோன்றலாம். மெல்லிய ஊசிதான் முதலில் ஒடியும். அச்சு இரும்பாக இருந்தால் துரு அதைத் தின்றுவிடும்.

கேள்வி: இந்த புரூச்களின் முகப்பில் தெரியும் நிறங்கள் வர்ணப் பூச்சா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை, கண்ணாடி. அதைத்தான் எனாமல் என்கிறோம். வெண்கலத்தை வார்க்கும்போதே முகப்பில் பள்ளங்கள் விடுவார்கள். அவற்றில் நிறக் கண்ணாடியை நிரப்பி, கண்ணாடி இளகி வெண்கலம் உருகாத அளவுக்குச் சூடேற்றி, ஆறியபின் தேய்த்துச் சமமாக்குவார்கள். சிவப்பில் கவனம் வேண்டும். அந்த நிறத்தைத் தருவது செம்பின் ஆக்சைடு. மண்ணில் கிடந்தால் அதன் மேற்பரப்பு பச்சையாக மாறிவிடும், பார்ப்பவர் பச்சை எனாமல் என்றே எழுதிவிடுவார். உடைந்த விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியும்.

கேள்வி: புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆகாதா? (வாசகி, மதுரை)

பதில்: தயவுசெய்து வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே பழைய மேற்பரப்பே உலோகத்தின் மேல் படிந்த பச்சைக் களிம்பு அடுக்கில்தான் நிற்கிறது. செதுக்கிய கோடுகள் எல்லாம் அதில்தான். புளியின் அமிலம் அதைக் கரைத்தால் மிஞ்சுவது குழி விழுந்த உலோகம். எனாமலும் பெயரும். ஊசியருகே ஒட்டிய துணி இழைகளைச் செம்பின் உப்புகள் சில சமயம் காப்பாற்றி வைத்திருக்கும், அவையும் போய்விடும்.

கிடைத்த புரூச்சை, ஒட்டிய மண்ணோடு அப்படியே விட வேண்டும். ஈர மண்ணிலிருந்து எடுத்ததை வெயிலில் காய வைக்கவே கூடாது, எனாமல் செதில் செதிலாக உரியும். ஆய்வகத்தில் முதலில் எக்ஸ்ரே, பிறகு நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய கத்தியால் மண்ணை நீக்குவார்கள்.

கெட்டியான கரும்பச்சையைக் கண்டு பயப்பட வேண்டாம். வெளிர்பச்சையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் கிளம்பினால்தான் ஆபத்து. உள்ளிருக்கும் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கிறது. சுத்தம் செய்து பல வாரம் கழித்தும் தலைகாட்டும். அதனால் காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 35 சதவீதத்துக்குக் கீழே வைப்பார்கள். ஜெல் ஈரத்தை இழுத்து நிறைந்தால் மாற்ற வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். புள்ளிகள் வந்துவிட்டால், ஆடும் எனாமலை முதலில் ஒட்ட வைத்துவிட்டு, எத்தனாலில் 3 சதவீத பென்சோட்ரையசோல் (செம்பு அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்) கரைசலில் ஊறவைத்து, மேலே நிறமற்ற காப்புப் பூச்சு கொடுப்பார்கள். நச்சுப் பொருள், வீட்டில் கையாளக் கூடாது.

கேள்வி: ஒவ்வொரு விலங்கும் ஒரு தெய்வத்தைக் குறிக்குமா? (வாசகர், சேலம்)

பதில்: சேவல் ரோமானியத் தெய்வமான மெர்க்குரியின் பறவை என்பது உறுதி. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரின் பாஸ்வொர்த், நார்ஃபோக்கின் ஹாக்வோல்ட் கோயில் இடங்களில் குதிரைவீரன் புரூச்கள் கூட்டமாகக் கிடைத்திருப்பதால் அவை காணிக்கை என்பதை ஏற்கலாம். முயலில்தான் அவசரப்படுகிறார்கள். பிரிட்டானியர் முயல், சேவல், வாத்தினப் பறவையை உண்ணாமல் ஆசைக்கு வளர்த்தார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியது உண்மை. ஆனால் அது கி.மு. 1ஆம் நூற்றாண்டு. இடையில் ஏறக்குறைய 200 ஆண்டுகள். கோயில் மண்ணில் கிடைத்ததா, வீட்டுக் குப்பையில் கிடைத்ததா என்று பதிவு இல்லாத முயலுக்கு நான் தெய்வம் சூட்ட மாட்டேன்.