கண்ணின் வேலையும் கையின் வேலையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் ஆங்கில நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ஷீ ஆண்டிசிபேட்டட் ஹிஸ் கொஸ்டின்’ என்ற வரியை ‘அவள் அவன் கேள்வியை எதிர்பார்த்தாள்’ என்று எழுதினேன். மெய்ப்பு பார்த்தவர் சுழித்துவிட்டார். அகராதியில் எக்ஸ்பெக்ட், ஆண்டிசிபேட் இரண்டுக்கும் ‘எதிர்பார்’ என்றுதானே இருக்கிறது? அர்த்தம் புரிந்தால் போதாதா? தமிழில் தனிச்சொல் இல்லாதது என் குற்றமா? கடிதத்தை ‘தேங்கிங் யூ இன் ஆண்டிசிபேஷன்’ என்று முடிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு: முடிக்கலாம், பிழையில்லை. கேட்டது கிடைத்தே தீரும் என்று நீங்களே முடிவு கட்டிய தொனி இருக்கும், அவ்வளவுதான்.

சுழித்தவர்மேல் கோபப்படாதீர்கள். உங்கள் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார்.

இரண்டுமே லத்தீன் வழி வந்தவை. எக்ஸ்பெக்ட்டின் வேர்ப்பொருள் ‘வெளியே நோக்குதல்’. நம் ‘எதிர்பார்’ அதற்கு உடன்பிறப்பு மாதிரி. இரண்டும் கண்ணின் வேலை. ஆண்டிசிபேட்டின் வேர்ப்பொருள் ‘முன்னதாகப் பற்றுதல்’. அது கையின் வேலை. வருவதைப் பார்த்திருப்பது ஒன்று, வருமுன் எழுந்து காரியத்தை முடித்துவிடுவது வேறொன்று. இன்று ஆங்கிலேயர்களே பின்னதை முன்னதன் பொருளிலும் தாராளமாக எழுதுகிறார்கள், அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. மொழிபெயர்ப்பவருக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

ஓர் உதாரணம். உயிரினங்களின் பரிணாமத்தை விளக்கும் டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். பேட்ரிக் மேத்யூ என்பவர் 1831இலேயே, கப்பல் கட்டும் மரங்களைப் பற்றிய தன் நூலின் பின்னிணைப்பில், இயற்கைத் தேர்வு என்ற கருத்தைச் சொல்லியிருந்தார். 1860இல் டார்வின் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்போது அவர் கையாண்ட வினை ஆண்டிசிபேட். உங்கள் அகராதியை நம்பினால், ‘மேத்யூ என் விளக்கத்தைப் பல்லாண்டுகளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்’ என்று டார்வின் சொன்னதாகிவிடும்! மரியாதையாகத் தலைவணங்கிய மனிதரைத் தற்பெருமைக்காரராக்கிவிடுவீர்கள். அங்கே பொருள் ‘எனக்கு முந்திக்கொண்டார்’ என்பது. அர்த்தம் புரிந்தால் போதும் என்கிறீர்களே, எந்த அர்த்தம்?

எதிர்மறையில் இன்னும் ஆபத்து. தாமதத்தை ஒருவர் எக்ஸ்பெக்ட் செய்யவில்லை என்றால் அவருக்கு அது அதிர்ச்சி. பாவம் என்று விட்டுவிடலாம். ஓர் அறிக்கை, திட்டமிட்டவர்கள் தாமதத்தை ஆண்டிசிபேட் செய்யவில்லை என்றால், அநேகமாக அது குற்றச்சாட்டு. ‘தாமதத்துக்கு இடம்விட்டுத் திட்டமிடவில்லை’ என்று எழுத வேண்டும். ‘எதிர்பார்க்கவில்லை’ என்று எழுதினால் குற்றவாளி தப்பிவிடுவார்.

எப்படிப் பிரித்தறிவது? வினைக்குப் பின் வருவதைப் பாருங்கள். ‘தட்’ போட்டு ஒரு முழு வாக்கியம் தொடர்ந்தால், பெரும்பாலும் ‘எதிர்பார்’ போதும். கேள்வி, ஆட்சேபம், எதிராளியின் நகர்வு போன்றவை வந்தால் நிறுத்தி, அவர் அதன்பின் என்ன செய்தார் என்று தேடுங்கள். ஒரு செயல் அகப்பட்டால் அந்தச் செயலை எழுதுங்கள்: கோல்கீப்பர் பந்தின் திசையைக் கணித்து முன்பே பாய்ந்தார். ஒரு மனிதரே செயப்படுபொருளாக வந்தால் அநேகமாக ‘முந்திக்கொள்’தான். நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்று: எக்ஸ்பெக்ட்டை அடுத்து ‘டு வின்’ வரும், ஆண்டிசிபேட்டை அடுத்து ‘வின்னிங்’தான்.

தனிச்சொல் இல்லை என்ற புலம்பலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்கிறது 429ஆம் குறள். வரப்போவதை அறிவதும் அதற்கு அணைபோடுவதும் ‘எதிரதாக் காக்கும்’ என்ற இரண்டு சொற்களில் சேர்ந்தே இருக்கின்றன. ‘ஆண்டிசிபேட்டரி பெயில்’ என்பதற்கு முன்ஜாமீன் என்ற சொல்லை உருவாக்கியவர் யாரோ, அவருக்கு இது புரிந்திருக்கிறது. ‘எதிர்பார்ப்பு ஜாமீன்’ என்று அவர் எழுதவில்லை. ‘முன்’ என்ற ஒரே அசை வேலையை முடித்துவிட்டது. முந்து, முன்கூட்டி, வருமுன் என்று கைநிறைய வைத்துக்கொண்டு வறுமை பாடாதீர்கள்.

உங்கள் வரியை மறந்துவிடவில்லை. ‘அவன் கேட்குமுன்பே அவள் பதிலைச் சொல்லிவிட்டாள்’ என்று இருக்கலாம். ‘அவன் இதைக் கேட்பான் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தாள்’ என்றும் இருக்கலாம். மூலத்தில் அடுத்த வரியில் யார் பேசுகிறார்கள்? அவனா, அவளா? அதைச் சொல்லாமல் ஒற்றை வரியை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். மீதியையும் அனுப்புங்கள்.