ஃபெடரல் நீதிபதி நாற்காலி ஏன் காலியாகவே கிடக்கிறது? (கேள்வி பதில்)

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றங்களில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். நீதிபதி நியமனம் பற்றி வந்து குவிந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இரண்டு கட்சிகளுக்கும் கொஞ்சம் திட்டு விழும். உங்கள் கட்சிக்கு மட்டும் விழுந்ததாகத் தோன்றினால் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

கார்த்திகேயன், டல்லாஸ்: அக்கா, எந்த செனட்டரைக் கேட்டாலும் "நீதிபதி காலியிடங்களை உடனே நிரப்பணும்"னுதான் சொல்றாங்க. எல்லாரும் ஆதரவுன்னா எப்படி வருஷக்கணக்கா காலியா இருக்கு?

நாற்காலியை நிரப்புவதற்கு எல்லாரும் ஆதரவுதான் தம்பி. அதில் யார் உட்காருவது என்ற இடத்தில்தான் ஆதரவு காணாமல் போகும்.

ஆயுட்கால ஃபெடரல் நீதிபதிப் பதவிகள் மொத்தம் 870. உச்ச நீதிமன்றத்தில் 9, மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் 179, சர்வதேச வணிக நீதிமன்றத்தில் 9, மீதி எல்லாம் மாவட்ட நீதிமன்றங்களில். அதிபர் பெயரை அனுப்புவார், செனட் ஒப்புதல் தரும். அரசியல் சாசனத்தில் இருப்பது அவ்வளவுதான். நடைமுறையில் முதலில் அந்த மாநிலத்து செனட்டர்கள் பெயர் சொல்வார்கள். வெள்ளை மாளிகை வடிகட்டும். எஃப்.பி.ஐ. பின்னணியைத் துருவும். பிறகு செனட்டின் நீதித்துறைக் குழுவில் நேர்காணலும் வாக்கெடுப்பும். கடைசியில்தான் முழு செனட். இதில் எந்தக் கட்டத்திலும் ஒருவர் "வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. சும்மா இருந்தாலே போதும், காகிதம் நகராது.

அதனால் பேட்டியை நான் கணக்கில் எடுப்பதில்லை. பெயர் அனுப்பினாரா, சீட்டைத் திருப்பிக் கொடுத்தாரா, எத்தனை மாதத்தில் கொடுத்தார். இதைத்தான் பார்ப்பேன்.

சுபா, சென்னை: சீட்டுன்னா அந்த "ப்ளூ ஸ்லிப்" தானே மேடம்? அது சட்டமா?

சட்டம் இல்லை. செனட் விதிப் புத்தகத்திலும் இல்லை. நீதித்துறைக் குழுத் தலைவர் வைத்திருக்கும் வழக்கம், அவ்வளவே. ஒருவரை நீதிபதியாக நியமிக்க அதிபர் பெயர் அனுப்பியதும், அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் குழுவிலிருந்து ஒரு நீலத்தாள் போகும். சம்மதம் என்றால் திருப்பி அனுப்புவார்கள். பிடிக்கவில்லை என்றால் மேசையிலேயே வைத்துக்கொள்வார்கள்.

1917 வாக்கில் தொடங்கிய பழக்கம். ஆரம்பத்தில் ஒரு செனட்டர் எதிர்த்தாலும் பெயர் அவைக்குப் போகும், அங்கே தோற்கலாம், ஜெயிக்கலாம். 1956-இல் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் குழுத் தலைவரானார். அவர் காலத்தில்தான் ஒரே ஒரு செனட்டர் சீட்டைத் தராவிட்டால் கதை முடிந்தது என்ற நிலை வந்தது. பள்ளிகளில் இன ஒதுக்கலை நீதிமன்றங்கள் உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. தென்மாநில செனட்டர்களுக்கு இந்த அதிகாரம் எதற்கு உதவியிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். பின்னால் வந்த தலைவர்கள் ஒவ்வொருவரும் தளர்த்தினார்கள், இறுக்கினார்கள்.

இப்போதைய நிலை 2017-இல் உருவானது. குழுத் தலைவராக இருந்த சக் கிராஸ்லி, மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு மட்டும் சீட்டு தடையாகாது என்று அறிவித்தார். மின்னசோட்டாவின் ஆல் ஃபிராங்கன் சீட்டைத் தராமலே டேவிட் ஸ்ட்ராஸ் நீதிபதியானார். மாவட்ட நீதிமன்றங்களுக்கு மட்டும் பழைய கட்டுப்பாடு அப்படியே. பைடன் காலத்தில் ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பின் தலைவரானபோதும் அதை மாற்றவில்லை. 2025-இல் ட்ரம்ப் இந்த வழக்கத்தைத் தூக்கி எறியச் சொல்லிப் பகிரங்கமாக நெருக்கினார். அவர் கட்சிக்காரரான கிராஸ்லி மறுத்துவிட்டார். செனட்டர்கள் கட்சி கடந்து ஒன்றுபடும் விஷயங்களில் இது ஒன்று. கையில் இருக்கும் சொந்த அதிகாரத்தை யார் விடுவார்கள்?

ஒரு ராலே வாசி: எங்க நார்த் கரோலினாவுல ஒரு இடம் 14 வருஷம் காலியா இருந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான் அண்ணா. ஃபெடரல் நீதிமன்ற வரலாற்றிலேயே மிக நீண்ட காலியிடம். இந்தத் தலைப்பில் ஒரே ஒரு கதை தெரிந்திருந்தால் போதும் என்றால் அது உங்கள் ஊர்க் கதை.

கிழக்கு நார்த் கரோலினா மாவட்டத்துக்கு மொத்தமே 4 நீதிபதிகள். 2005 டிசம்பர் கடைசியில் மால்கம் ஹோவர்ட் என்ற நீதிபதி சீனியர் நிலைக்குப் போனார், அதாவது வழக்குகளைக் குறைத்துக்கொண்டு தன் இடத்தைக் காலி செய்தார். ஜார்ஜ் புஷ் தாமஸ் ஃபார் என்ற வழக்கறிஞரின் பெயரை அனுப்பினார். செனட் அதற்குள் ஜனநாயகக் கட்சி வசம் போயிருந்தது. விசாரணை நாள்கூடக் குறிக்காமல் அந்தப் பெயரைக் காலாவதியாக விட்டார்கள். இது முதல் பாவம், ஜனநாயகக் கட்சியின் கணக்கில்.

அடுத்து ஒபாமா. 2013-இல் ஜெனிஃபர் மே-பார்க்கர் என்ற ஃபெடரல் அரசு வழக்கறிஞரின் பெயரை அனுப்பினார். குடியரசுக் கட்சி செனட்டர் ரிச்சர்ட் பர் தன் சீட்டைத் தரவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளை மாளிகைக்கு பர் பரிந்துரைத்து எழுதிய பெயர்களில் இதே மே-பார்க்கரும் ஒருவர்! 2016-இல் ஒபாமா, மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பட்ரிஷா டிம்மன்ஸ்-குட்சனை அனுப்பினார். அதற்கும் பர் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் கறுப்பினப் பெண்கள். அந்த மாவட்டத்தில் அதுவரை ஒரு கறுப்பின நீதிபதிகூட இருந்ததில்லை. கறுப்பின மக்கள் கணிசமாக வாழும் பகுதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ட்ரம்ப் வந்ததும் 2017-இல் பழைய ஃபாரையே திரும்பக் கொண்டுவந்தார். மாநிலத்தின் வாக்குரிமைக் கட்டுப்பாடுகளை நீதிமன்றத்தில் தாங்கிப் பேசியவர் என்பதால் பெரிய எதிர்ப்பு. 2018 நவம்பரில் விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பு 50-50 ஆக நின்று, துணை அதிபர் பென்ஸ் வந்து வாக்களித்துத் தாண்டியது. மறுநாளே குடியரசுக் கட்சியின் டிம் ஸ்காட், செனட்டில் அக்கட்சியின் ஒரே கறுப்பின உறுப்பினர், தன்னால் ஆதரிக்க முடியாது என்றார். ஜெஃப் ஃபிளேக்கும் எதிர்ப்பில் இருந்ததால் கணக்கு உதைத்தது. 2019 டிசம்பரில் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மையர்ஸுக்கு இரு கட்சி ஆதரவோடு ஒப்புதல் கிடைத்தது.

3 அதிபர்கள், 4 வேட்பாளர்கள். நீதிமன்றத்தின் கால் பங்கு 14 ஆண்டுகள் காலி. அந்த ஆண்டுகளில் "இந்த இடத்தை நிரப்பக் கூடாது" என்று யாரும் சொன்னதில்லை.

முகிலன், எடிசன்: இப்பல்லாம் 51 வாக்கு இருந்தாலே போதுமே, ஃபிலிபஸ்டர் போயிடுச்சே. இன்னும் ஏன் இழுக்குது?

பாதி சரி. ஃபிலிபஸ்டர் என்றால் விவாதத்தை நீட்டித் தடுப்பது. அதை உடைக்க முன்பெல்லாம் 60 வாக்கு வேண்டும். புஷ் காலத்தில் ஜனநாயகக் கட்சியினர் மேல்முறையீட்டு நீதிபதி வேட்பாளர் மிகுவெல் எஸ்ட்ராடாவை அப்படித்தான் தடுத்தார்கள், 2003-இல் அவரே விலகிக்கொண்டார். 2013-இல் குடியரசுக் கட்சியினர் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்த 3 இடங்களையும் சேர்த்துத் தடுத்தார்கள். செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த ஹாரி ரீட் பொறுமை இழந்தார். நவம்பர் 21 அன்று 52-48 என்ற வாக்கில் விதியையே மாற்றி, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கினார். உச்ச நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைத்தார். 2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் அந்த மிச்சத்தையும் முடித்தார். 2019-இல் மாவட்ட நீதிபதிகளுக்கான இறுதி விவாத நேரம் 30 மணியிலிருந்து 2 மணியானது.

இதனால் முழு செனட்டில் வேகம் வந்தது, அதில் சந்தேகமில்லை. ட்ரம்ப் முதல் முறை 234 பேர், பைடன் 235 பேர் என்று நான்கே ஆண்டுகளில் நியமிக்க முடிந்தது இந்த மாற்றத்தால்தான். ஆனால் அடைப்பு இடம் மாறிவிட்டது. மாவட்ட நீதிமன்றம் என்றால் இப்போது சீட்டு வைத்திருக்கும் அந்த மாநிலத்து செனட்டர்தான் கதவு. பைடன் காலத்தில் விஸ்கான்சின் நீதிபதி வில்லியம் போகனுக்கு ரான் ஜான்சன் சீட்டு தரவில்லை. அவரும் சேர்ந்து அனுப்பிய பட்டியலில்தான் போகன் பெயர் இருந்தது. ராலே கதைக்கு இன்னொரு பிரதி.

தேவி, மதுரை: மெரிக் கார்லண்ட் விவகாரம் இதில் சேருமா?

சேரும், ஆனால் அதுவேறு ரகம். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கலியா இறந்தார், மார்ச்சில் ஒபாமா அந்த இடத்துக்கு கார்லண்டை அறிவித்தார், தேர்தல் ஆண்டு என்று சொல்லி மெக்கானல் விசாரணையே நடத்தவில்லை. 2020-இல் ஏமி கோனி பேரட்டுக்குத் தேர்தலுக்கு 8 நாள் முன்பு ஒப்புதல் கொடுத்தார்கள். இதை எல்லாரும் பேசிவிட்டார்கள். யாரும் பேசாத மாவட்ட நீதிமன்றத்தில்தான் சாதாரண மனிதரின் வழக்கு போகிறது.

செந்தில், சாக்ரமெண்டோ: சரி, ஒரு நாற்காலி காலியா இருந்தா எனக்கு என்ன நஷ்டம் அக்கா?

உங்கள் ஊரிலிருந்தே கேட்கிறீர்களா, நல்லது. கிரிமினல் வழக்குகளுக்குக் காலக்கெடு உண்டு. 1974-ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுவாக 70 நாளில் விசாரணை தொடங்க வேண்டும். ஆள் குறைந்தால் நீதிபதி முதலில் அதைத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். சிவில் வழக்கு பின்னால் தள்ளப்படும். வேலையில் பாகுபாடு, காப்பீட்டுத் தகராறு, சிறு நிறுவனத்தின் ஒப்பந்த வழக்கு எல்லாம் அதில்தான் வரும். வழக்கு நடத்துகிறவர்களுக்கு இது தினசரி அனுபவம். சாட்சிகள் வேலை மாறி, ஊர் மாறிப் போவார்கள். வழக்குத் தொடுத்தவர் களைத்துப் போய்க் கிடைத்த தொகைக்குச் சமரசம் செய்துகொள்வார். தாமதத்தால் லாபம் அடைவது எப்போதும் பணம் கொடுக்க வேண்டிய தரப்புதான்.

உங்கள் கிழக்கு கலிஃபோர்னியா மாவட்டத்தில் 1978 முதல் இருப்பது அதே 6 பதவிகள். மக்கள்தொகையோ சுமார் 25 லட்சத்திலிருந்து 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2020 தொடக்கத்தில் அந்த ஆறிலும் இரண்டு காலியானபோது ஃப்ரெஸ்னோவில் நீதிபதி டேல் டிராஸ்ட் ஓர் ஆணையே பிறப்பித்தார்: இது நீதித்துறை அவசரநிலை, சிவில் வழக்குகளுக்கு விசாரணைத் தேதி தர இயலாது என்ற பொருளில். அவசரநிலை என்பது வெறும் பேச்சு வார்த்தையும் அல்ல. ஒரு நீதிபதிப் பதவிக்கு, சிக்கலுக்கேற்ப எடைபோட்டுக் கணக்கிட்ட வழக்குகள் 600-ஐத் தாண்டினால், அல்லது 430-க்கு மேல் இருந்து இடம் 18 மாதம் காலியாகக் கிடந்தால், நீதித்துறை நிர்வாகம் அதை அந்தப் பட்டியலில் சேர்க்கும்.

நம்மவர்களுக்கு நேரடியாகப் படுவது ஒன்றும் உண்டு. குடியுரிமை நேர்காணல் முடிந்து 120 நாளாகியும் முடிவு வரவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த மனுவைப் பார்க்கவும் ஒரு நீதிபதி வேண்டுமே.

பெயர் வேண்டாம்: என் கிரீன் கார்டு வழக்கு இமிக்ரேஷன் கோர்ட்டில் இருக்கிறது. அதுவும் இதனால்தானா?

இல்லை. குடிவரவு நீதிபதிகள் நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர்கள். செனட் ஒப்புதல் கிடையாது, ஆயுட்காலப் பதவியும் கிடையாது. அந்தத் தாமதத்துக்கு வேறு காரணங்கள்.

ஹரிணி, அட்லாண்டா: என் காங்கிரஸ் பிரதிநிதி "நீதிபதிகளை அதிகரிக்க வாக்களித்தேன்" என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். ஒப்புதல் தருவது செனட் என்றீர்களே, பிரதிநிதிகள் சபைக்கு இதில் என்ன வேலை?

ஒப்புதலில் வேலை இல்லை. புதிய பதவிகளை உருவாக்குவதில் உண்டு, அதற்குச் சட்டம் வேண்டும், இரண்டு அவைகளும் நிறைவேற்ற வேண்டும். அவர் சொல்வது பெரும்பாலும் 2024 மசோதாவாக இருக்கும்.

விரிவான அளவில் பதவிகளைக் கூட்டிய கடைசிச் சட்டம் 1990-இல் வந்தது. ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸும் குடியரசுக் கட்சியின் டாட் யங்கும் சேர்ந்து 66 மாவட்ட நீதிபதிப் பதவிகளுக்கு ஒரு மசோதா எழுதினார்கள். அதன் சாமர்த்தியமே தவணையில் இருந்தது: எல்லாவற்றையும் ஒரே அதிபருக்குத் தராமல் 2025 முதல் 2035 வரை பிரித்துத் தருவது. அடுத்து யார் அதிபர் என்று தெரியாத 2024 ஆகஸ்டில் செனட் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. அப்போதே பிரதிநிதிகள் சபையும் எடுத்திருந்தால் முடிந்திருக்கும். குடியரசுக் கட்சித் தலைமை அதைக் கிடப்பில் போட்டு, நவம்பரில் ட்ரம்ப் ஜெயித்த பிறகு டிசம்பர் 12 அன்று எடுத்தது. 236-173. முன்பு புகழ்ந்த ஜனநாயகக் கட்சியினர் பலர் இப்போது எதிர்த்தார்கள். டிசம்பர் 23 அன்று பைடன் வீட்டோ போட்டார்.

என் கருத்து: சபை தாமதித்தது அசல் தந்திரம்; பைடன் வீட்டோ போட்டதும் தவறு. வழக்குகளின் எண்ணிக்கை தேர்தல் முடிவைப் பார்த்துக் குறையவில்லை. உங்கள் பிரதிநிதி வாக்களித்தது உண்மையாக இருக்கலாம். ஆகஸ்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டு எழுதுங்கள்.

பாலா, திருநெல்வேலி: நீதிபதி ஸ்ரீ சீனிவாசனும் இப்படித் தடைகளைத் தாண்டித்தான் வந்தாரா சார்?

சார் இல்லை, அக்கா. உங்கள் மாவட்டத்து மேலத் திருவேங்கடநாதபுரத்தில் குடும்ப வேர் உள்ளவர் என்பதால் கேட்கிறீர்கள், புரிகிறது. 2012 ஜூனில் ஒபாமா பெயரை அனுப்பினார், 2013 மே மாதம் 97-0 என்று ஒப்புதல். ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லை. அவர் போனது மேலே சொன்ன அதே டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம். அதே ஆண்டு, அதே நீதிமன்றம், அடுத்த 3 பெயர்களுக்குச் செனட்டே இரண்டாகப் பிளந்தது. 2020 முதல் அங்கே அவர்தான் தலைமை நீதிபதி.

வித்யா, ஹூஸ்டன்: போன வருஷம்தான் சிட்டிசன் ஆனேன். செனட்டர் ஆபீசுக்கு போன் பண்ணா பிரயோஜனம் உண்டா? என்ன கேட்கணும்?

உண்டு. ஆனால் "காலியிடங்களை நிரப்ப ஆதரவா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆமாம், அழைத்ததற்கு நன்றி" என்று முடித்துவிடுவார்கள். நம் மாவட்டத்தில் இன்ன இடத்துக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டீர்களா என்று கேளுங்கள். டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் செனட்டர்கள் இதற்கென ஒரு தேர்வுக் குழு வைத்திருப்பார்கள். பெயர்கள் வெள்ளை மாளிகைக்குப் போன தேதி என்ன? ஏற்கெனவே ஒருவர் அறிவிக்கப்பட்டிருந்தால் நீலத்தாள் திரும்பப் போய்விட்டதா? போனை எடுக்கும் இளம் ஊழியருக்குப் பதில் தெரியாது. எழுதிக்கொண்டு மேலே கொடுப்பார், அது போதும்.

கார்த்திகேயன் (மறுபடியும்): கடைசியா ஒண்ணு. ஓய்வு அறிவிச்ச நீதிபதி மனசு மாறினா?

மாறலாம், மாறியும் இருக்கிறார்கள். 65 வயதும் 15 ஆண்டுப் பணியும் ஆனால் சீனியர் நிலைக்குப் போகலாம். வழக்கைக் குறைத்துக்கொண்டு பணியில் தொடர்வார்கள், இடம் மட்டும் காலியாகும். பலர் "எனக்கு அடுத்தவருக்கு ஒப்புதல் கிடைத்ததும்" என்று நிபந்தனை போட்டுக் கடிதம் கொடுப்பார்கள். 2024 தேர்தலுக்குப் பிறகு ஒஹாயோவின் மார்ப்ளி, நார்த் கரோலினாவின் காக்பர்ன், மேல்முறையீட்டு நீதிபதி வின் ஆகியோர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குடியரசுக் கட்சியினர் கொதித்தார்கள், ஒழுக்கப் புகார்கூடப் போனது. சட்டம் தடுக்கவில்லை. எனக்குப் பிடிக்கவும் இல்லை, ஏனென்றால் காலியிடத்தை நிரப்பும் வேலையை இதுவரை செனட்டர்கள்தான் அரசியலாக்கினார்கள், இப்போது நீதிபதிகளும் கையைச் சேர்க்கிறார்கள்.