தேங்காய் நிமிர்ந்தது, தண்ணீர் எங்கே?

கேள்வி: உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்து, அது நிமிரும் இடத்தில் தண்ணீர் என்று நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய மூன்று இடத்திலும் போர் போட்டோம். இரண்டில் தண்ணீரே இல்லை, வெறும் புழுதிப் புகை; ஒன்றில் அரை இன்ச் தண்ணீர். நாலாவதுக்கும் அவரையே கூப்பிடலாம் என்கிறார் அப்பா. ஏன் இப்படி?
– வாசகர், தாராபுரம்

பதில்: அந்த அரை இன்ச்தான் காரணம். மூன்றுமே புகைந்திருந்தால் அப்பா யோசித்திருப்பார். எப்போதாவது பலிப்பதை மனம் லேசில் விடாது.

தமிழகத்தில் ஏறத்தாழ 73 சதவீதம் கடினப்பாறைப் பகுதி. அங்கே தண்ணீர் ஆறுபோல ஓடுவதில்லை. சிதைந்த மேல்பாறையிலும் வெடிப்புகளிலும் தங்கி நிற்கிறது. யார் எங்கே கை காட்டினாலும் சில இடத்தில் வெடிப்பு சிக்கத்தான் செய்யும். சிக்கிய போர் வருஷக்கணக்கில் கண்முன்னே ஓடுகிறது. புகைந்ததை மூடிவிடுகிறோம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் மூடியே ஆகவேண்டும். ஆனால் தோல்விக் கணக்கும் அதோடு மண்ணுக்குள் போய்விடுகிறது.

“வண்டிக்காரர் ரெண்டடி தள்ளிப் போட்டுட்டார்”, “இன்னும் அம்பதடி போயிருக்கணும்” என்ற சமாதானங்களையும் கேட்டிருப்பீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு எந்தத் தோல்வியையும் தோல்வியில்லை என்று சொல்லிவிடலாம். இதற்குள் போன லட்சங்கள் வேறு. தப்பு என்று ஒப்புக்கொண்டால் அத்தனையும் வீண் என்றாகிவிடும்.

பார்ப்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். படுத்திருக்கும் தேங்காய் உள்ளங்கை மயிரிழை சாய்ந்தாலே நிமிரும். சாய்ப்பது அவருக்கே தெரியாது. இந்த அறியா அசைவை 1852-லேயே வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கிவிட்டார். 1990-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் சுமார் 30 நீரோட்டக்காரர்களைச் சோதித்தார்கள். 50 செ.மீ. ஆழத்தில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா, இல்லையா என்று சொல்ல வேண்டும். விதிகள் நியாயமானவை என்று முன்பே ஒப்புக்கொண்டுதான் இறங்கினார்கள். முடிவு, காசு சுண்டிப் பார்த்த கதைதான்.

அப்பாவோடு வாதாட வேண்டாம். அடுத்த போருக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பார்ப்பவர் இடத்தைக் காட்டியதும் வரப்பிலிருந்து டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதுங்கள். குச்சி நட வேண்டாம், காலில் தட்டும். பிறகு கண்ணைக் கட்டி, வேறு பக்கத்திலிருந்து இரண்டு முறை நடத்துங்கள். கைப்பிடித்து நடத்துபவருக்கும் முந்தைய இடம் தெரியக் கூடாது. அவர் சற்றுத் தயங்கினாலே இவருக்குக் குறிப்புக் கிடைத்துவிடும். மூன்று அளவும் எத்தனை அடிக்குள் ஒத்துவந்தால் சரி, எத்தனை அடி ஆழத்துக்குள் எத்தனை இன்ச் வந்தால் வெற்றி என்பதை முதலிலேயே எழுதி, நீங்கள், அப்பா, பார்ப்பவர் மூவரும் கையெழுத்துப் போடுங்கள். முடிவு தெரிந்தபின் எழுதினால் பயனில்லை.

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து தண்ணீர் தேடும் மின்தடை ஆய்வும் பொய்ப்பதுண்டு. அதற்கும் இதே நோட்டு, இதே கையெழுத்து.

கேள்வி: ஆதாரம் காட்டினால் இன்னும் பிடிவாதம் பிடிப்பார்கள் என்கிறார்களே?
– வாசகி, ஈரோடு

பதில்: 2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அப்படித்தான் சொன்னது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அது பெரும்பாலும் தென்படவில்லை. தகவலைத் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறார்கள். பழைய தீர்மானத்தை மட்டும் மாற்றுவதில்லை. நாலு பேர் முன்னால் திருத்தாமல் தனியாகச் சொல்லிப் பாருங்கள்.