மாமா நின்ற வாசல்

அன்புள்ள அண்ணா,

தென்னாப்பிரிக்காவின் கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரேட்ஸ் கால்பந்து அணிகள் மோதும் சொவெட்டோ டெர்பி பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினேன். 2001-ல் ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் அரங்கில் அந்த ஆட்டத்தின்போது நெரிசலில் 43 பேர் இறந்ததற்குப் பைரேட்ஸ் ரசிகர்கள் முண்டியடித்ததே காரணம் என்ற வரியை மறுநாளே நீக்கிவிட்டார்கள். ஆதாரம் இல்லையாம், நடுநிலை இல்லையாம். என் மாமா அன்றிரவு அங்கே வாசலில் நின்றவர். கண்ணால் கண்டதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பி,

மாமா சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் கண்டது ஒரு வாசல். அன்று, ஏப்ரல் 11, சுமார் 60,000 பேர் கொள்ளும் அரங்குக்கு வெளியே இன்னும் பல்லாயிரம் பேர் நின்றார்கள்.

நீதிபதி பெர்னார்ட் ங்கோபே தலைமையில் ஆணையம் ஒன்று இதை விசாரித்தது. எவ்வளவு கூட்டம் வரும் என்று தப்புக்கணக்குப் போட்டது, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று வகுக்காதது, டிக்கெட் தீர்ந்ததை வேளைகெட்ட நேரத்தில் அறிவித்தது, காவலுக்கு நின்றவர்களில் சிலரின் ஊழல், கண்ணீர்ப்புகை என்று காரணங்கள் நீள்கின்றன. ரசிகர்களின் தகாத நடத்தையும் அதில் உண்டு, பலவற்றில் ஒன்றாக. நீங்கள் அந்த ஒன்றை மட்டும் எடுத்து, அதற்குப் பைரேட்ஸின் கறுப்புச் சட்டையும் மாட்டிவிட்டீர்கள். பழியை ஆளுக்குப் பாதியாகப் பங்கு வைக்கச் சொல்லவில்லை. விசாரித்தவர்கள் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தார்களோ, அவ்வளவே கொடுங்கள்.

பழைய பாடத்தைக் கற்கவில்லை என்றும் ஆணையம் சொன்னது. 1991 ஜனவரி 13-ல் தென்னாப்பிரிக்காவின் ஆர்க்னி நகரில் இதே இரண்டு அணிகள் ஆடியபோது 42 பேர் இறந்தார்கள். அது நட்பு ஆட்டம். லீக், கோப்பை ஆட்டங்களை மட்டும் எண்ணுகிற டெர்பி பட்டியலில் அந்த நாளே இருக்காது. எதை எண்ணினீர்கள் என்று பட்டியலின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். பைரேட்ஸில் ஆடிய கைசர் மொடாவுங் 1970-ல் சீஃப்ஸைத் தொடங்கினார். 'பொறுக்கமாட்டாமல் வெளியேறினார்' என்றால் அது சீஃப்ஸ் ரசிகரின் குரல், 'துரோகம் செய்தார்' என்றால் பைரேட்ஸ் ரசிகரின் குரல். நானும் சீஃப்ஸ் வீட்டில் வளர்ந்தவன்தான். 'தொடங்கினார்' போதும்.

மாமா கண்டது வீணாகக் கூடாது. எந்த வாசல், எத்தனை மணி, கதவு எப்போது சாத்தப்பட்டது என்று கேட்டு, தேதியிட்டு எழுதி, ஒரு பத்திரிகைக்குக் கொடுங்கள். அச்சில் வந்தபின் அங்கிருந்தவர் ஒருவரின் கூற்றாக, அவர் பெயரோடு மேற்கோள் காட்டலாம். இந்த ஞாயிறே போய் அவரைப் பாருங்கள்.