களப்பணி முழுக்க முடிந்த பிறகு எழுதத் தொடங்கலாமா?

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நீங்கள், களப்பணி முடியும்வரை எழுத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். பலர் சிக்கிக்கொள்வதே அங்கேதான்.

முறையியல் இயலை, அதாவது ஆய்வை எப்படிச் செய்கிறீர்கள் என்று விளக்கும் இயலைக் களத்துக்குப் போகுமுன்பே வரைவாக எழுதுங்கள். யாரை, எத்தனை பேரை, ஏன் பேட்டி காண்பது என்பதில் உள்ள ஓட்டை அப்போதே தெரிந்துவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், தீவுக்குப் போவதென்றால் வனத்துறை அனுமதிக்கு முதலாண்டிலேயே விண்ணப்பியுங்கள்.

களப்பணிக் காலத்தைக் காற்றைப் பார்த்து வகுங்கள். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) அடங்கியிருக்கும்; தென்மேற்கிலிருந்து வீசும் கச்சானில் நேர்மாறு. கடலுக்குப் போகாத நாளே நிதானமாகப் பேசக் கிடைக்கும் நாள்.

பதிவு செய்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். அன்று மாலையே உட்காருங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் காற்றிரைச்சலில் பாதி புரியாது. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசிகளுக்கு அந்தப் பெண்கள் சொன்ன பெயரையே எழுதி, பக்கத்தில் அறிவியல் பெயரைச் சேருங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறலாம். மாதிரியைப் படமெடுத்து வைப்பது நல்லது.

முன்னுரையைக் கடைசியில் எழுதினால் போதும்.